ஞாயிற்றுக்கிழமைப் பெருவிரல்

எங்கள் ஊர் வாசிகசாலையில் பழைய துப்பறியும் கதைகளைப் பற்றி ஒரு கூட்டம் வைக்கப்போகிறார்களாம். பூதக்கண்ணாடியும் பரிசோதனைக் குழாயும் தூளும் தூரிகையுமாகக் குற்றவாளியைத் தேடிப் போகும் அந்தக் காலத்துக் கதைகள். வாசிகசாலைச் செயலாளர் கீர்த்தனா நான் ஓய்வு பெற்ற அதே கைரேகைப் பிரிவில்தான் இப்போது வேலை செய்கிறாள். போன கிழமை வீட்டுக்கு வந்தாள்.

"ஐயா, அந்தக் கதையளிலை எவ்வளவு மெய், எவ்வளவு பொய் எண்டு ஒருக்கா எழுதித் தாருங்கோ. உங்களுக்குத்தானே தெரியும்."

"ஏன், உங்களுக்குத் தெரியாதோ?"

"இப்ப மெசின் சொல்லுது ஐயா. ஒரு நிமிசத்திலை பொருத்திப் பார்த்துச் சொல்லிப்போடும். நாங்கள் கதை வாசிச்சு வேலைக்கு வந்த ஆக்களில்லை."

அவள் போன பிறகு, இந்தப் பிள்ளை உண்மையிலேயே இதற்குத்தான் வந்ததா அல்லது பழைய கோப்பு எதையாவது என் வாயிலிருந்து பிடுங்க வந்ததா என்று வெகுநேரம் யோசித்தேன். என் மனைவி அடுப்படியில் நின்று சிரித்தாள். மீன்காரரிடமும் அடையாள அட்டை கேட்கிற மனிதன் என்று என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பவள் அவள்.

"கலியாணத்துக்கு முதல் என்ரை பத்து விரலையும் எடுத்துப் பார்த்திருப்பியளே?" என்று இன்றைக்கும் கேட்பாள். பத்து விரலையும் எடுக்கவில்லை. ஆனால் பெண் பார்க்கப் போன அன்று அவள் கொண்டுவந்து தந்த தேத்தண்ணிக் கோப்பையை, குடித்து முடித்தபின் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது மெய். வலது பெருவிரல், நல்ல தெளிவான சுழி. அதை அவளிடம் இதுவரை சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை அவள் வாசிக்க மாட்டாள் என்று நம்புகிறேன்.

இந்தச் சந்தேகப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்பது தெரியும். நான் படிக்கிற காலத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் துப்பறியும் கதைப் புத்தகங்களை வாடகைக்குக் கொடுப்பார்கள். எத்தனையோ கை மாறி வந்த புத்தகங்கள். அநேகமாகக் கடைசிப் பக்கங்கள் கிழிந்திருக்கும். சாம்பலைச் சோதித்து, சேற்றைச் சோதித்து, இரத்தத் துளியைச் சோதித்து, எல்லாரையும் ஒரு கூடத்தில் கூட்டி வைத்து, "கொலையாளி வேறு யாருமில்லை" என்று துப்பறிபவர் எழுந்து நிற்பார். அதோடு புத்தகம் முடிந்துவிடும். யாரென்று தெரியாத காரணத்தால் நான் எல்லாரையும் சந்தேகித்தபடியே படுக்கப் போவேன். அப்படிப் பழகின மனம் பிறகு மாறவே இல்லை.

பயிற்சி கொழும்பில் இரண்டு வருடம். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காலையில் கோடு எண்ணினோம், பின்னேரம் கோடு எண்ணினோம், கண் எரிந்தால் கழுவிவிட்டு வந்து மறுபடியும் எண்ணினோம். கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது, எங்கே ஒரு சின்னத் தீவைச் சுற்றிப் போகிறது என்று பார்ப்பதுதான் வேலை. சொல்ல வேண்டியவர் எங்கள் மேலதிகாரி கனகசபை சேர்.

ஒல்லியான, உயரமான மனிதர். யாருக்கும் கைகொடுக்க மாட்டார், கும்பிடுவார். கோப்பையை விளிம்பில் பிடிப்பார். கதவை முழங்கையால் தள்ளுவார். தான் போன இடத்தில் தன்னுடைய விரலடையாளம் இருக்கக்கூடாது என்பது அவருக்கு ஒரு விரதம் மாதிரி. ஒரு தடவை அவருடைய மேசையில் இருந்த சீனிப் போத்தல் குறைகிறது என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் ஏழு பேரையும் வரிசையில் நிற்க வைத்து விரல்களை எடுத்தார். போத்தலுக்குக் கறுப்புத் தூள் போட்டார். இரண்டு நாள் வேறு வேலையே இல்லை. போத்தலில் பதினொரு பதிவு இருந்தது. பதினொன்றும் சேருடையவை.

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "அப்ப, எடுத்தவன் கையுறை போட்டிருக்கிறான்" என்றார். எறும்புக்குக் கையுறை தேவையில்லை என்று சொல்ல எங்கள் ஏழு பேரில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

அவருடைய மேசை லாச்சிக்குள் பழைய துப்பறியும் கதைப் புத்தகங்கள் கிடந்தன, ஆங்கிலத்திலும் தமிழிலும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கதைகளும் அதில் உண்டு. சம்பவ இடத்துக்கு ஒரு சின்னப் பெட்டியில் கருவிகளைக் கொண்டுபோகிற பழக்கத்தை அந்தக் கதைகளில்தான் நானும் முதலில் வாசித்திருந்தேன். "உவையளை லேசாய் நினையாதை. நாங்கள் செய்யிற வேலையைக் கதையிலை எங்களுக்கு முதலே செய்து பார்த்த ஆக்கள்" என்பார். சொல்லிவிட்டுப் பென்சிலை எடுத்துப் பிழை பிடிக்கத் தொடங்குவார். பக்க ஓரமெல்லாம் பொடி எழுத்தில் குறிப்பு இருக்கும். "பொய்." "இந்தத் தூள் இப்படி ஒட்டாது." "மழை பெய்தபின்னும் அடிச்சுவடா?" ஒரு கதையில் துப்பறிபவர் ஒரே கண்ணாடிக் குவளையில் எட்டு விரல்களைத் தெளிவாகக் கண்டுபிடிக்கிறார். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் சேர், "எல்லாம் வேலை செய்யாத கைகள்" என்று எழுதியிருந்தார். வழக்கமான முறுமுறுப்பு என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பினேன். அவர் காலமான பிறகு அந்தப் புத்தகங்கள் என்னிடம் வந்தன.

அவரிடம் படித்த ஒழுங்கு ஒன்று உண்டு. முதலில் வீட்டுக்காரரின் விரலை எடு. பிறகு அங்கே போன பொலிசாரின் விரலை எடு. அவற்றையெல்லாம் கழித்த பிறகுதான் கள்ளனைத் தேடு. யாழ்ப்பாணத்துக்கு மாற்றலாகி வந்த பிறகு இந்த ஒழுங்கு எங்கள் சனத்திடம் என்ன பாடுபடும் என்று கண்டுகொண்டேன்.

வல்வெட்டித்துறையில் ஒரு வியாபாரி வீட்டில் அலுமாரியை உடைத்துக் களவு போயிருந்தது. நாங்கள் பெட்டியோடு போய் இறங்கினால் முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருக்கிறது. அலுமாரி மினுங்குகிறது. யன்னல் கண்ணாடியில் முகம் பார்க்கலாம்.

"அம்மா, ஒண்டையும் தொடவேண்டாம் எண்டு சொன்னவையெல்லோ?"

"தொடேல்லைத் தம்பி. ஈரத்துணியாலை துடைச்சுத்தான் விட்டனான். கொழும்பிலை படிச்ச பெரியாக்கள் வருகினம் எண்டு சொன்னவை. வீடு உப்பிடிக் கிடந்தால் என்ன நினைப்பியள்?"

அந்த அம்மா யாரையோ காப்பாற்றுகிறாள் என்று மூன்று நாள் அவளையே சுற்றிச் சுற்றி விசாரித்தேன். கள்ளன் வேறோர் ஊரில் பிடிபட்டான். அம்மாவுக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. விருந்தாளி வருகிறார் என்று வீட்டைத் துடைத்திருக்கிறாள், அவ்வளவுதான். துடைத்த வீட்டைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு மனம் குறுகுறுக்கும்.

இனி அந்த வழக்கு.

எனக்கு ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. அச்சுவேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு கோப்பு வந்தது. சின்னத்துரை என்ற முதியவர் பாரிசவாதத்தில் வலப்பக்கம் விழுந்து ஒன்பது மாதம் படுக்கையில் கிடந்து இறந்திருந்தார். அவர் அந்த நாளில் கிணறு வெட்டுகிறவர். கூட இருந்து பார்த்தவள் மகள் யோகமலர், கலியாணம் ஆகாதவள். இறப்பதற்கு மூன்று கிழமைக்கு முன் குடியிருந்த வீட்டையும் வளவையும் மகளுக்கு நன்கொடையாக எழுதி, இடது பெருவிரலை வைத்திருக்கிறார். பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு வீட்டுக்கு வந்து முடித்த உறுதி.

கனடாவில் இருந்த மகன் தவராசாவுக்கு இந்த உறுதி பற்றி யாரும் சொல்லவில்லை. அப்பா இறந்த பிறகு அயலவர் ஒருவர் தொலைபேசியில் சொல்லித்தான் தெரிந்தது. வந்து இறங்கி நேரே பொலிசுக்குப் போனார். அப்பா தனக்கு ஒரு சொல் சொல்லாமல் எழுதியிருக்க மாட்டார், வேறு கிழவன் ஒருவனைப் போர்த்திப் படுக்க வைத்து விரல் எடுத்திருக்கிறார்கள் என்பது முறைப்பாடு. அப்படியான ஆள்மாறாட்டங்களை நான் கண்டிருக்கிறேன். அதனால் கோப்பைத் திறக்கும்போதே நம்பத் தயாராக இருந்தேன்.

ஒப்பிட ஒரே ஒரு பழைய பதிவுதான் கிடைத்தது. சின்னத்துரை பல வருடங்களுக்கு முன் அந்தக் காணியை வாங்கியபோது, எழுதத் தெரியாததால் வைத்த இடது பெருவிரல். மற்றப் பத்திரங்களெல்லாம் போர்க்கால இடப்பெயர்வில் போய்விட்டன. ஆளையோ எரித்துவிட்டார்கள்.

வடக்கு யன்னலோடு மேசையை இழுத்துப் போட்டேன். இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது. இரண்டுக்கும் மேல் ஒவ்வொரு உருப்பெருக்கிக் கண்ணாடி. இரண்டு கையிலும் ஒவ்வோர் ஊசி. ஒரு பக்கத்து ஊசி ஒரு கோட்டில் நிற்கும்போது மற்றப் பக்கத்து ஊசி அதே கோட்டைத் தேடும். பழைய பதிவில் அதிகம் ஒன்றுமில்லை. மை அப்பிய ஒரு முட்டை வடிவம், குறுக்கும் மறுக்குமாக வெள்ளை வெடிப்புகள், ஓரத்தில் நாலைந்து உடைந்த கோடுகள். புதியதோ பாடப் புத்தகத்தில் அச்சடித்தது போல இருந்தது. சுழியின் நடுவிலிருந்து ஓரம் வரை ஒவ்வொரு கோடும் எண்ணலாம். எண்பது வயதுக் கிணறு வெட்டுகிறவரின் விரலா இது?

இந்த இடத்தில் ஒரு நிபுணன் எழுத வேண்டியது, "பழைய பதிவு ஒப்பிடப் போதாது" என்ற ஒரே வரி. நான் எழுதியது வேறு. "இரண்டும் ஒரே நபரின் விரல் எனக் கொள்ள முடியாது. ஆள்மாறாட்டம் என்ற சந்தேகத்துக்கு இடமுண்டு." தட்டச்சும் செய்துவிட்டேன். அந்தக் கடைசி வசனத்தை எழுதியபோது, புத்தகத்தின் கிழிந்த பக்கம் கையில் கிடைத்துவிட்டது போல ஒரு சந்தோசம் எனக்கு இருந்தது. இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி நாளுக்கு இரண்டு தரம் கேட்டார். "சேர், உங்கடை அறிக்கை வந்தால் வாற வழக்குத் தவணையிலை மனுசியை உள்ளுக்குப் போட்டிடலாம்." நான் கையெழுத்து வைக்கவில்லை. நல்ல மனம் காரணமல்ல, கனகசபை சேரின் ஒழுங்குதான் காரணம். சம்பந்தப்பட்ட எல்லாரின் விரலையும் எடுத்துக் கழிக்காமல் அறிக்கை போகக்கூடாது. நொத்தாரிசு வந்தார், சாட்சிகள் இரண்டு பேரும் வந்தார்கள். கடைசியாக யோகமலர் வந்தாள்.

நாற்பத்தைந்து வயதிருக்கும். வெளிறிய சீலை, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை. நாற்காலி நுனியில் இருந்தாள். மைப் பலகையில் உருளையை ஓட்டி, அவளுடைய வலது பெருவிரலைப் பிடித்து நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மற்ற ஓரம் வரை தாளில் உருட்டினேன். ஒரு கறுப்புப் பொட்டுத்தான் விழுந்தது. ஒரு கோடும் இல்லை. விரலை மதுசாரத்தால் துடைத்துத் திரும்ப எடுத்தேன். அதே பொட்டு. பத்து விரலும் பத்துப் பொட்டு.

என் முதுகு நிமிர்ந்தது. கதைகளில் வருகிற குற்றவாளி அமிலத்தில் விரல்களைத் தேய்த்துவிட்டு வருவானே, எனக்கு அந்த நினைவுதான் வந்தது.

"விரலுக்கு என்ன செய்தனீர்?"

"ஒண்டும் செய்யேல்லை ஐயா."

"ஒண்டும் செய்யாமல் உப்பிடி வராது. மெய்யைச் சொல்லும். என்னத்தைப் பூசினனீர்?"

அவள் தன் விரல்களை அப்போதுதான் முதன்முதலாகக் காண்பது போலப் பார்த்தாள். "சமையல் கிடாரம் மினுக்கிறனான் ஐயா. கலியாண மண்டபத்திலை. மற்றது, அப்பான்ரை துணியள் தோய்ச்சது. வேறை என்ன செய்யிறது?"

நான் நம்பவில்லை. அடுத்த நாள் முற்பகல் அவள் சொன்ன மண்டபத்துக்குப் போய், வேலிக்கு இந்தப் பக்கம் சைக்கிளைப் பூட்டுவது போல நின்றேன். பின் வளவில் ஏழெட்டுக் கிடாரங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் ஆள் இறங்கி இருக்கலாம். யோகமலர் இடுப்புக்கு மேல் கிடாரத்துக்குள் குனிந்து, செங்கல் தூளும் தேங்காய்த் தும்புமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனாள். மூன்றாவது கிடாரம் வரை நின்று பார்த்தேன். நடிக்கிறாளோ என்றுகூட நினைத்தேன், அவள் என்னைக் காணவேயில்லை என்றாலும்.

சைக்கிளில் திரும்பும்போதுதான் சேரின் அந்தப் பென்சில் குறிப்பு நினைவுக்கு வந்தது. எல்லாம் வேலை செய்யாத கைகள். தகப்பன் சுண்ணாம்புக் கல்லை உடைத்துக் கிணறு வெட்டியவர். அவரிடம் பழைய பதிவில் கோடு தெரியாததற்கு வேறு காரணம் தேவையா? தெரியாத கோட்டை, இல்லாத கோடு என்று எழுதியவன் நான். ஓய்ந்த விரலில் தேய்ந்த கோடுகள் திரும்ப வளரும் என்று படித்தும் இருக்கிறேன். ஆனால் அப்படித் திரும்பி வந்த ஒரு கையை நான் கண்டதில்லை. எனக்குப் பழக்கமெல்லாம் தாள்களோடுதான். படுக்கையில் கிடந்த நாட்களில் அந்த முதியவர் தொட்ட ஒரு பொருள் வேண்டும்.

கிராம அலுவலரைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு யோகமலர் வீட்டுக்குப் போனேன். வழக்கம் போல வீடு துடைத்திருந்தது. சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. என் மனம் திரும்பவும் குறுகுறுத்தது.

"அப்பா படுத்த கட்டில்?"

"அந்தியேட்டிக் கிரியையோடை குடுத்தாச்சு ஐயா. பாய், தலையணை, உடுப்பு எல்லாம்."

"குடிச்ச கோப்பை, மருந்துப் போத்தில்?"

"கழுவினதைக் கழுவி, எறியிறதை எறிஞ்சிட்டன். செத்த வீட்டிலை வைச்சிருக்கக் கூடாதெல்லோ."

சரிதான், எல்லாரும் செய்வதுதான். ஆனாலும் சந்தேகப்பட்டேன். அவள் கொண்டுவந்து தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கோப்பையை வழக்கம் போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் விரல்கள் மட்டும் இருந்தன. எழுந்து புறப்படும்போது அலுமாரிக்கு மேல் ஒரு வெள்ளை மட்டைப் பெட்டி கண்ணில் பட்டது.

"உதென்ன பெட்டி?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். அந்தத் தயக்கத்தையும் குறித்துக்கொண்டேன். "அது அண்ணையின்ரை. டாப், பெரிய போன் மாதிரி. அப்பா முகம் பாத்துக் கதைக்கவெண்டு அனுப்பினவர். என்ரை சாமான் இல்லை, அவரிட்டைத் திருப்பிக் குடுக்கவேணும். அதாலை நான் அப்பிடியே வைச்சிட்டன்."

"துடைச்சனீரோ?"

"இல்லை ஐயா. எனக்கு உதுகளைத் துடைக்கத் தெரியாது. பழுதாப்போனால் அண்ணை என்னையெல்லோ பேசுவார்."

அண்ணன் பேசுவார் என்ற பயத்தில் அந்த வீட்டில் துடைக்காமல் விட்ட ஒரே பொருள் அது. பெட்டியை அப்படியே உறையில் போட்டு, கிராம அலுவலர் முன்னிலையில் முத்திரை வைத்தேன்.

அடுத்த நாள் காலை அதைத் திறந்தேன். கையுறை போட்டு ஓரத்தில் பிடித்துத் தூக்கிச் சாய்த்தால், கண்ணாடித் திரை முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. வாதத்துக்குப் பூசிய மருந்தெண்ணெய் மணம் இன்னும் இருந்தது. சாம்பல் நிறத் தூளைத் தூரிகை நுனியில் தொட்டு, அழுத்தாமல், காற்றுப் படுவது போலச் சுழற்றினேன். படம் எடுக்கும் கண் இருக்கிற பக்க ஓரத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே விரல் பல தடவை வைத்திருந்தது. கடைசியாக வைத்தது மட்டும் முழுசாக எழுந்து வந்தது. இடது பெருவிரல். ஒட்டுத்தாளில் எடுத்து உறுதியில் இருந்த விரலுக்குப் பக்கத்தில் வைத்தேன். பதினாறு இடம் வரை எண்ணி, அதற்குமேல் எண்ணவில்லை. அதே விரல்.

பிறகு பழைய பதிவைத் திரும்ப எடுத்தேன். ஓரத்தில் உடைந்து கிடந்த அந்த நாலைந்து கோடுகளும் புதியதில் அதே இடத்தில், அதே சாய்வில் இருந்தன. முதல் நாளே அவை அங்கேதான் இருந்தன. நான்தான் பார்க்கவில்லை.

ஆனால் இது போதுமா? டாப்பைப் பிடித்தவரும் உறுதியில் விரல் வைத்தவரும் ஒருவர். அவர் சின்னத்துரைதான் என்று யார் சொல்வது? யோகமலர் சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள். சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான்.

தவராசா தெல்லிப்பழையில் மனைவியின் வீட்டில் தங்கியிருந்தார். இருவரையும் எங்கள் பிரிவுக் கந்தோருக்கு அழைத்தேன். யோகமலர் வாசலோடு நின்றுகொண்டாள். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மேசையில் டாப்பை வைத்தேன்.

"இது ஆர் அனுப்பினது?"

"நான்தான். அப்பாவோடை கதைக்க."

"கதைச்சனீங்களோ?"

"ஒவ்வொரு ஞாயிறும். ஒரு கிழமையும் விடேல்லை."

"கதைச்சது உங்கடை அப்பாதான் எண்டு எப்பிடித் தெரியும்? வேறை ஆளைப் படுக்க வைச்சிருக்கலாமெல்லோ?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன கதை கதைக்கிறியள் ஐயா? அப்பான்ரை குரல் எனக்குத் தெரியாதோ? என்னைச் சின்னவன் எண்டு கூப்பிடுற ஆள் உலகத்திலை அவர் ஒராள்தான்."

"முகத்தைப் பாத்தனீங்களோ?"

அவருடைய பார்வை டாப்புக்குப் போனது. குரல் இறங்கிப்போயிருந்தது. "முகம் தெரியிறேல்லை. இடது கையாலை பிடிச்சுக்கொண்டு பெருவிரலாலை மறைச்சுப்போடுவார். அப்பா விரலை எடுங்கோ, விரலை எடுங்கோ எண்டு கத்திறதிலையே பாதி நேரம் போயிடும். எடுப்பார். பேந்தும் வைப்பார். கடைசி ஞாயிறும் நான் பாத்தது அந்தப் பெருவிரலைத்தான்."

பெரிதாக்கிய படங்கள் இரண்டையும் அவர் முன்னால் வைத்தேன். "இது அந்த விரல். மற்றது உறுதியிலை கிடக்கிற விரல். இரண்டும் ஒண்டு."

தவராசா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். டாப்பிலிருந்து எடுத்த படத்தைக் கையில் எடுத்து முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"இல்லை ஐயா. இது இவ்வளவு வடிவாய்க் கிடக்கு. அப்பான்ரை கை உப்பிடி இராது. சின்னனிலை அவர் என்ரை கன்னத்தைத் தடவினால் எனக்கு நோகும். கல்லுக் கை அது."

என் வாயில் விளக்கம் தயாராக இருந்தது. ஆனால் வாசலில் நின்றவள் முந்திக்கொண்டாள். எங்கள் கந்தோருக்குள் வந்த பிறகு அவள் தானாகப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"அது அப்ப, அண்ணை. ஒன்பது மாசம் நான் அவரை ஒரு துரும்பும் தூக்க விடேல்லை."

தவராசா திரும்பி அவளைப் பார்க்கவில்லை. மேசையில் பார்வையைப் போட்டபடி இருந்தார். அங்கே கோப்புக்கு வெளியே ஒரு தாள் நீட்டிக்கொண்டிருந்தது, பத்துக் கட்டங்களும் பத்துக் கறுப்புப் பொட்டுகளுமாக.

"உதென்ன ஐயா, பழுதாப்போன தாளோ?"

"இல்லை. உங்கடை தங்கச்சியின்ரை பத்து விரலும்."

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பினார். பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பத்தாவதற்கு வந்ததும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். நான் எழுந்து வெளியே போய் நின்றேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

முறைப்பாடு அந்தக் கிழமையே திரும்பப் பெறப்பட்டது. உறுதி நின்றது, வீடு யோகமலருக்கே நின்றது. நான் கையெழுத்து வைத்துக் கொடுத்தது இரண்டாவது அறிக்கையைத்தான். கையெழுத்து வைக்காத முதலாவது இன்னும் என்னிடம் இருக்கிறது, கனகசபை சேரின் புத்தகம் ஒன்றுக்குள், அந்தப் பென்சில் குறிப்பு இருக்கிற பக்கத்தில்.

ஆகவே கீர்த்தனா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அந்தக் கதைகளில் தூள் மெய், கண்ணாடி மெய், பொறுமையாக எண்ணுவது மெய். துப்பறிபவருக்கு ஒருபோதும் பிழைக்காது என்பது பொய். இயந்திரம் ஒரு நிமிடத்தில் சொல்லுமென்றால் சொல்லட்டும். "பொருந்தவில்லை" என்று அது சொல்லும் நாளில், கையெழுத்து வைக்க முதல் எழுந்து போய் அந்த ஆளின் கையைப் பார்.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. ஓய்வு பெறுவதற்கு முதல் நாள் அந்த மண்டபத்துக்குப் போனேன். இந்தத் தடவை வேலிக்கு வெளியே நிற்காமல் படலையைத் திறந்து உள்ளே போனேன். யோகமலர் கிடாரத்துக்குள்ளிருந்து நிமிர்ந்து, முழங்கையால் நெற்றியைத் துடைத்தாள்.

"பிள்ளை, நான் உம்மைச் சந்தேகப்பட்டனான். கிட்டத்தட்ட உள்ளுக்குப் போட்டிருப்பன். அதைச் சொல்லத்தான் வந்தனான். மன்னிச்சுக்கொள்ளும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்கவும் அவள் முயலவில்லை.

"தெரியும் ஐயா. எங்கடை வீட்டிலை தேத்தண்ணிக் கோப்பையை வெளிச்சத்திலை பிடிச்சுப் பாத்தனீங்களெல்லோ? பாவம், அதிலை என்ரை விரல் எங்கை பதியப்போகுது."

சொல்லிவிட்டுத் தும்பைச் செங்கல் தூளில் தொட்டுக்கொண்டு திரும்பவும் கிடாரத்துக்குள் குனிந்தாள்.